கக்குவான் இருமல்: காய்ச்சலைப் பார்த்து ஏமாற வேண்டாம்

"காய்ச்சல் இல்லல்லா, வெறும் சளிதான்" என்று ஆச்சி சொல்வதை நம்பியே பல வீடுகளில் முதல் வாரம் போய்விடுகிறது. கக்குவானைக் காய்ச்சலை வைத்து எடைபோடுவதுதான் பெரிய தவறு. கக்குவானை உண்டாக்கும் பெர்டுசிஸ் என்ற பாக்டீரியாக் கிருமி ரத்தத்தில் இறங்குவது அபூர்வம். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களைப் பற்றிக்கொண்டு அங்கேயே பெருகும். அழற்சியும் அங்கேதான்; உடம்பு பெரிதாகச் சுடாது.

வளரும்போது பாக்டீரியா தன் செல்சுவரைப் பிரித்துப் பிரித்துக் கட்டும். மற்றவை பலவும் உதிர்ந்த துண்டுகளை உள்ளே இழுத்து மறுபடி பயன்படுத்தும். பெர்டுசிஸ் கிருமியோ வெளியே சிந்திவிடும். அந்தத் துண்டுதான் மூச்சுக்குழல் செல்நச்சு. கிருமியின் வெளியுறை நச்சும் சேர்ந்தால், சளி சுரக்கும் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால் பக்கத்து நுண்மயிர்ச் செல்கள் செத்து உதிரும். இது வெள்ளெலித் திசுவில் பார்த்தது. மனிதருக்கும் அச்சு அசல் இதுவே என்று பாடக்குறிப்புகளில் எழுதுவது சரியல்ல. பாக்டீரியாத் துண்டுகளை அடையாளம் காணும் புரதம் நாட்1 உணரி; இந்த நச்சை எலியின் நாட்1 நன்றாகக் கண்டுகொள்கிறது, மனித நாட்1 சரிவரக் கண்டுகொள்வதில்லை. மனித மூச்சுக்குழல் செல்களில் கிருமி பட்டதும் ஐஎல்-6, ஐஎல்-8 என்ற அழற்சிச் சைகைப் புரதங்கள் கூடுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஐஎல்-8 வெள்ளணுக்களைக் கூப்பிடும் குரல். கிருமியின் இன்னொரு நச்சான பெர்டுசிஸ் நச்சு அவற்றின் காதை அடைத்துவிடும். உதவி தாமதமாக வந்து சேர்வதற்குள் கிருமி வேரூன்றியிருக்கும்.

அதே நச்சுதான் ரத்தப் பரிசோதனையிலும் ஏமாற்றும். லிம்போசைட்டுகள் என்ற வகை வெள்ளணுக்கள் ரத்தத்தை விட்டு வெளியேற முடியாமல் தேங்குவதால் எண்ணிக்கை எகிறும். "லிம்போசைட் கூடுதல், வைரஸ்தான்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடக் கூடாது. இருமும் கைக்குழந்தைக்கு வெள்ளணு 30,000, 50,000 என்று போனால் அது ஆபத்துக் குறி. அன்றைக்கே திருநெல்வேலி ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 'ஊப்' என்ற இழுப்புச் சத்தம் வராமலே போகலாம். மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலம் பாயும். சத்தத்துக்காகக் காத்திருப்பது வீண்.

மாதிரி எடுப்பதிலும் சறுக்கல் உண்டு. தொண்டையில் தடவினால் போதாது. மூக்கு வழியாகப் பின்தொண்டை வரை குச்சி போக வேண்டும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, பஞ்சுக் குச்சி ஆகாது, பஞ்சிலுள்ள கொழுப்பு அமிலம் கிருமியைக் கொல்லும். பாலியஸ்டர் முனை வேண்டும். இருமல் தொடங்கி நான்கு வாரம் கடந்தபின் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிவிட முடியாது.

மருந்து விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி., தினம் ஒரு வேளை, 5 நாள். மருத்துவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். சிரப்பில் 5 மில்லிக்கு 100 மி.கி., 200 மி.கி. என்று இரண்டு வகை உண்டு. 4 கிலோ குழந்தைக்கு முதல் வகையில் 2 மில்லி, இரண்டாவதில் 1 மில்லி. லேபிளைப் பார்க்காமல் ஊற்றினால் அளவு இரட்டிக்கலாம், பாதியாகவும் போகலாம். ஐந்து நாள் முடிந்தும் இருமுகிறதே என்று வீரியமான ஆன்டிபயாட்டிக் கேட்பவர்கள் ஏராளம். கிருமி செத்திருக்கும், உதிர்ந்த நுண்மயிர் முளைக்க வாரக்கணக்காகும், அதுவரை இருமல் ஓயாது. மருந்து இருமலைக் குறைக்க வேண்டுமானால் முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். அதன்பின் கொடுப்பது பெரும்பாலும் பரவலைத் தடுக்க மட்டுமே. வீட்டில் வாரக்கணக்காக இருமும் பெரியவரையும் சேர்த்துக் காட்டுங்கள், குழந்தைக்கு நோயைக் கொடுத்தவர் அவராகவே இருக்கலாம்.

தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி போடுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிச் சளி எடுப்பது இரண்டையும் நிறுத்த வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். புகை இருமலைத் தூண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூள் பறக்கும் அறையில் தொட்டிலைக் கட்டக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டும் வேண்டாம், தசைகளைத் தளர்த்தி முடக்கும் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

கக்குவான் தடுப்பூசி பிறந்து 6, 10, 14 வாரத்தில். பூஸ்டர் 16 முதல் 24 மாதத்திலும், 5 முதல் 6 வயதிலும். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்தே போடலாம்.