பூட்டிய வீடும் நுளம்பும்: மார்கழியில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போக ரிக்கெற் எடுத்தவர்கள் நுளம்பைப் பற்றி முதலில் கேட்பது, "அங்க புகை அடிக்கிறாங்களோ?" என்றுதான். அடிக்கிறார்கள். ஆனால் அதை நம்பிப் படுக்காதீர்கள். புகை அந்த நேரத்தில் பறந்து திரிகிற நுளம்பைத்தான் கொல்லும், வாளித் தண்ணீரில் நெளிகிற குடம்பியை ஒன்றும் செய்யாது. ஒரு கிழமை, பத்து நாளில் அந்தக் குடம்பி நுளம்பாகப் பறந்துவிடும். டெங்கு வந்த வீட்டைச் சுற்றிப் பரவலை உடனே மறிக்கத்தான் புகை. மற்றபடி மாநகர சபை ஆட்களுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பெரிய வேலை, வீடு வீடாகக் குடம்பி தேடுவது.

போன மார்கழியில் நாங்கள் நின்ற வீட்டுக்குப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். கையில் ஒரு டோர்ச், ஒரு அகப்பை, ஒரு வெள்ளைத் தட்டு. முற்றத்தில் ஒரு சிரட்டைகூட இல்லை என்று நான் பெருமையாக நின்றேன். அவர் நேரே பின்பக்கம் பாவிக்காமல் கிடந்த மலசலகூடத்துக்குப் போய், ஃபிளஷ் தாங்கியின் மூடியைத் தூக்கினார். ஒரு அகப்பை அள்ளித் தட்டில் ஊற்றினார். பத்துப் பன்னிரண்டு குடம்பிகள் தலைகீழாகத் தொங்கின. அவர் கை நிழல் விழுந்ததும் துடித்துக்கொண்டு அடியில் போய் ஒளித்தன. "கடைசியா எப்ப ஃபிளஷ் பண்ணினனீங்கள்?" என்று கேட்டார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற அத்தான் பண்ணியதுதான்.

இத்தனை வீடு பார்த்தோம், இத்தனையில் குடம்பி இருந்தது என்று அவர்கள் கணக்கு வைக்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை வீடு என்கிற அந்தக் கணக்கு ஏறுகிற இடத்தில் சிரமதானமும் மருந்தும் முந்திக்கொள்ளும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் அவர்களால் பார்க்க முடிவதில்லை. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிற ஒழுங்கைகளில் இது சின்ன விசயம் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியவர் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர். "நான் கனடாவில நிண்டனான்" என்பது சாட்டாகாது.

வடக்கில் ஐப்பசி மழையோடு நுளம்பு பெருகி, கார்த்திகையிலிருந்து தை வரை டெங்கு உச்சத்தில் நிற்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் போய் இறங்குவதும் அப்போதுதான். மலேரியாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சான்று கொடுத்துவிட்டது. டெங்கு நுளம்பு வேறு ரகம், பகலில் கடிப்பது. காலை வெயில் ஏறும் நேரமும் பின்னேரமும் அதற்கு நல்ல பசி. ஆகவே இரவு வலை மட்டும் காணாது. மத்தியானம் தூங்குகிற குழந்தைக்கும் வலை போடுங்கள், டீட் (DEET) என்கிற நுளம்பு விரட்டி கலந்த பூச்சை இங்கிருந்தே கொண்டுபோங்கள், முழுக்கால் உடுப்புப் போடுங்கள்.

காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். இபுபுரூபன், அஸ்பிரின், வோல்டரன் ஒன்றும் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இதயத்துக்கு அஸ்பிரின் போடுகிற அப்பா, அம்மா என்றால் உடனே வைத்தியரிடம் சொல்லிக் கேளுங்கள். பப்பாசி இலைச் சாறு கொண்டு ஒரு மாமி வருவா, கட்டாயம் வருவா. அன்புக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பலரும் ஏமாறுவது காய்ச்சல் விடும்போதுதான். மூன்றாம், நாலாம் நாளில் உடம்பு குளிர்ந்ததும் "சரி, சுகம் வந்துட்டுது" என்று நினைப்பார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். வயிற்றுக்குத்து, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், பல் முரசில் இரத்தம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் என்றாலும், இலங்கை போய் வந்ததை வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

வீட்டைப் பூட்டும் நாளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மேல்தாங்கியை வெறுமையாக்கி, உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வழிந்தோடும் குழாயின் வாய்க்கு வலைத்துண்டு கட்டுங்கள். ஃபிளஷ் தாங்கிக்கு வரும் தண்ணீரை மூடி, ஒருதரம் ஃபிளஷ் பண்ணி, கொமட் வாயைப் பொலித்தீனால் இறுக்கி ஒட்டுங்கள். கிணற்றுக்குக் குடம்பி தின்னும் கப்பி மீன் விடலாம். கூரைப் பீலியில் சருகு அடைத்திருக்கும், ஏறிப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால் பின்னுக்கு இருக்கிற தட்டை இழுத்து ஊற்றிவிடுங்கள். அப்படி ஒரு தட்டு இருப்பதே அத்தானுக்குத் தெரியாது.

திறப்பை நாங்கள் இப்போது எதிர்வீட்டு அண்ணரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம். பி.எச்.ஐ. வந்தால் அவர் திறந்து காட்டுவார். மழை விட்டால் வளவைச் சுற்றிப் பார்த்து வட்ஸ்அப்பில் படம் போடுவார். போன கிழமைப் படத்தில், மதிலோரம் யாரோ எறிந்த இளநீர்க் கோம்பை மூன்று, வாய் நிறையத் தண்ணீரோடு.