மீன் முள்ளிலிருந்து பயிருக்குப் பொஸ்பரசு: திருகோணமலை வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு செய்முறை

திருகோணமலையில் சூரையும் பாரையும் வெட்டிக் கொடுக்கும் இடங்களில் மீன் தலைகளும் நடுமுட்களும் கூடை கூடையாகச் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. அதே ஊரில் வீட்டுத் தோட்டம் செய்பவர்கள் பொஸ்பரசுப் பசளையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டு, கத்தரிக்கும் மிளகாய்க்கும் எதைப் போடுவது என்று பலரும் திகைத்தார்கள். நாம் குப்பையில் எறிகிற முள்ளில் தோட்டத்துக்கு வேண்டிய பொஸ்பரசு இருக்கிறது என்பதும், அதைப் பயிர் எடுக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவது வீட்டு அடுப்பிலேயே முடிகிற காரியம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நைதரசன் காற்றில் நிறைய உண்டு. பயற்றை, கடலை போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் அதைப் பிடித்து மண்ணுக்குத் தந்துவிடும். பொஸ்பரசுக்கு அப்படி ஒரு காற்றுவழி இல்லை. அறுவடையோடு வெளியேறியதும் மழையோடு கழுவுண்டு போனதும் தானாகத் திரும்பி வராது. மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும்போது, மலைநாட்டிலிருந்தும் வயல்களிலிருந்தும் கழுவி வந்த பொஸ்பரசில் ஒரு பங்கும் கடலுக்குப் போகிறது. கடல்நீரில் உள்ள பொஸ்பரசை முதலில் நுண்ணுயிர்ப் பாசிகள் எடுக்கின்றன. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக அது மீனின் முள்ளில் வந்து சேர்கிறது. ஆகவே முள்ளை மண்ணில் சேர்ப்பது, நிலம் இழந்ததில் கொஞ்சத்தை அதற்கே திருப்பிக் கொடுப்பதாகும்.

பயிருக்கு இது ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், உயிருள்ள ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பு வெல்லமும் பொஸ்பேற்றும் (பொஸ்பரசு ஒட்சிசனோடு சேர்ந்த வடிவம்) மாறி மாறிக் கோத்த சங்கிலிதான். கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வும் பொஸ்பரசு சேர்ந்த கொழுப்பால் ஆனதுதான். வேலைக்கான சக்தியை இடத்துக்கிடம் கொண்டுசெல்லும் ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு மூன்று பொஸ்பேற்றுகளைச் சுமக்கிறது. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பொஸ்பரசு உண்டு. அதில் 85 சதவீதம் அளவு எலும்பிலும் பல்லிலும் கல்சியத்தோடு சேர்ந்து அப்படைட் என்ற கனிமமாக உறைந்திருக்கிறது. மீன் முள்ளில் இருப்பதும் இந்தக் கனிமமே. பொஸ்பரசு போதாத செடி வளர்ச்சி குன்றி, மங்கிய கரும்பச்சையாக நிற்கும். சோளத்தில் முதிர்ந்த இலைகளின் ஓரம் ஊதா நிறம் காட்டும். வேர் குட்டையாகவே இருந்துவிடும்.

செய்முறைக்கு முன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். நன்கு கழுவிய மெல்லிய மீன் விலா முள் ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் வினாகிரியில் அமிழ்த்தி வையுங்கள். முள்ளின் மேல் கடுகிலும் சிறிய குமிழிகள் ஒட்டி நின்று, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகும். மூன்று நான்கு நாள் கழித்து எடுத்தால், முன்பு படக்கென்று ஒடிந்திருக்கக்கூடிய முள் இறப்பர் போல விரலில் வளையும். கடினத்தைத் தந்த கனிமம் வினாகிரிக்குள் கரைந்துபோய், புரத நார் மட்டும் மிஞ்சியதே காரணம். இச்செய்முறை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது: அமிலம் பட்டால்தான் முள்ளின் பொஸ்பரசு திறக்கும்.

இனி மண்ணைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி காய்ந்த மண்ணில் சில துளி வினாகிரி விட்டுக் காதருகே பிடியுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துக் கடலோர வளவுகளில் சிப்பித்தூள் கலந்த மணல் இருந்தால் சீறும். அப்படிச் சீறுகிற மண் காரத்தன்மையுடையது. முள்தூளை அதில் நேரே தூவினால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அத்தகைய வளவுக்காரர் தூளைக் கூட்டெருவுக்குள் விட்டே பயன்படுத்த வேண்டும். இரும்பு மிகுந்த புளிப்பான செம்மண்ணில் தூள் கரையும். ஆனால் கரைந்த பொஸ்பேற்றை இரும்பு பிடித்துக்கொள்ளும். உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்பில் பொஸ்பரிக் அமிலம் பூசும்போது கருஞ்சாம்பல் படலம் உண்டாவதும் இதே பிணைப்பால்தான். அங்கே அது இரும்பைக் காக்கிறது. தோட்டத்தில் பயிரைப் பட்டினி போடுகிறது. நடுநிலைக்குச் சற்றுக் கீழே, காரகாடித்தன்மை (pH) 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும் மண்ணே பொஸ்பரசுக்கு உகந்தது.

முள்ளைச் சேர்க்கும்போது கருவாட்டுத் தலையைச் சேர்க்க வேண்டாம். அதன் உப்பு செடிக்கு ஆகாது. பச்சை மீனின் தலை, முள் ஆகியவற்றை நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் அவியுங்கள். பிரசர் குக்கரில் அவித்தால் இன்னும் மிருதுவாகும். சதையும் எண்ணெயும் கழன்றுவிட வேண்டும், ஏனென்றால் நாற்றத்துக்கும் எலிக்கும் காரணம் அவைதான். அவித்த நீரை ஆறவைத்துக் கூட்டெருக் குவியலில் ஊற்றுங்கள். அதில் நைதரசன் உண்டு. முட்களைத் தகரத்தில் பரப்பி, காகம் தூக்காதபடி பழைய வலையால் மூடி, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

அடுத்து வறுப்பது. இங்கேதான் நான் முதலில் தவறு செய்தேன். முள் சுண்ணாம்புபோல் வெளுக்கும்வரை விறகு நெருப்பில் சுட்டேன். இடிக்கச் சுலபமாக இருந்தது, ஆனால் அந்தப் போகம் கத்தரியில் எந்த மாற்றத்தையும் காணவில்லை. மிகுந்த சூட்டில் நைதரசன் எரிந்து போவதோடு, கனிமத்தின் படிகங்களும் பெருத்து இறுகி, கரைவது இன்னும் கடினமாகிவிடும். ஆகவே மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் கோப்பிக்கொட்டைபோல் பழுப்பு நிறம் வரும்வரை மட்டும் வறுத்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் பதத்தில் இறக்கி, உரலில் இடித்து அரியுங்கள். தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு நல்லது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு இடியுங்கள்.

தூளைக் கூட்டெருவோடு சேர்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி: 10 கிலோ எருவுக்கு அரைக் கிலோ தூள் கலந்து, ஈரம் காயாமல் ஆறு வாரமாவது வைத்திருந்தால், உக்கும்போது உண்டாகும் அமிலங்கள் கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அவசரமென்றால், வறுத்த முள் ஒரு பங்குக்கு வினாகிரி பத்துப் பங்கு சேர்த்து, கண்ணாடிப் போத்தலில் மூடியை இறுக்காமல் இரண்டு வாரம் வைத்து வடித்து, ஒரு மேசைக்கரண்டியை 10 லீற்றர் நீரில் கலந்து பூக்கும் காலத்தில் வேரடியில் ஊற்றலாம்.

பொஸ்பேற்று மண்ணில் அதிகம் நகராது. போட்ட இடத்திலேயே கிடக்கும். எனவே மேலே தூவிவிட்டு மழை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பெரும்போக மழைக்கு முன், நடுகுழியில் இரண்டு கைப்பிடி கலவையைப் போட்டு, மண்ணோடு பிசறி, அதன்மேல் நாற்றை நடுங்கள். நாய் கிண்டாதபடி ஒரு சாண் ஆழம் வேண்டும்.

கடையில் கிடைக்கும் எப்பாவலைப் பொஸ்பேற்றைப் பற்றியும் கேட்பார்கள். அனுராதபுர மாவட்டத்தில் 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அந்தப் படிவும் அப்படைட் இனம்தான். மெதுவாகவே கரையும் என்பதால் தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குப் பொருந்தும், மூன்று மாதப் பயிருக்குப் போதாது. புல்மோட்டைக் கனிம மணலிலும் மொனசைட் என்ற பொஸ்பேற்று இருப்பது உண்மை. ஆனால் அது கரையாததோடு கதிர்வீச்சுடைய தோரியத்தையும் கொண்டது, தோட்டத்துக்கு அறவே வேண்டாம்.

அளவை மீறாதீர்கள். மண்ணில் பொஸ்பரசு மிஞ்சினால் நாகமும் (சிங்க்) இரும்பும் செடிக்குக் கிடைக்காமல் போய், இளம் இலைகள் மஞ்சளாகும். கழுவுண்ட மண் குளத்துக்குப் போனால் பாசி பெருகும். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வாய்க்காலோரம் தோட்டம் வைத்திருப்பவர்கள் கரையிலிருந்து சில அடி இடைவெளி விட்டுப் புல் வளரவிடுவது நல்லது. ஒருமுறை இட்ட குழிக்கு அடுத்த போகம் பாதியளவு போதும். மீதித் தூளை ஈரம் படாத தகர டப்பாவில் இறுக மூடி, போட்ட குழிகளையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி அதற்குள் வைத்துவிடுங்கள்.