பொருட்களைக் குறைத்து வாங்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தான். திருகோணமலையில் எங்கள் உவர்மலைக்குக் குடிவந்து நான்கு மாதம், புதுக் குடித்தனம். "அக்கா, அடிக்கடி மாற்றும் பொருள் இனி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். அதனால்தான் பத்து வருட உத்தரவாதம் உள்ள பிரிட்ஜாகப் பார்க்கிறோம்" என்றான். எனக்குப் பகீரென்றது. 2019இல் நானும் இதே பத்து வருடத்தை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உத்தரவாதத்தைப் பொருளின் ஆயுள் என்று எண்ணுவது

அந்தப் பத்து வருடம் பெரும்பாலும் கம்பிரசருக்கு, அதாவது குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுற்றவிடும் மோட்டாருக்கு மட்டுமே. மற்றப் பாகங்களுக்கு ஒன்றோ இரண்டோ வருடம் என்று அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும். நம்முடையதுபோன்ற கடற்கரை ஊரில் அந்த வாயு ஓடும் குழாய்தான் முதலில் போகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள், விரலில் பிசுபிசுக்கும். அது உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும். இரும்பு துருப்பிடிக்கும், செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். ஊசிமுனை அளவு துளை விழுந்தால் போதும், வாயு முழுவதும் வெளியேறிவிடும்.

என் பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியின் முதுகில், சூட்டை வெளியேவிடும் கறுப்புக் கம்பிவலை வெளியே தெரியும். ஒருமுறை அது துருப்பிடித்தபோது அரை நாளில் மாற்றித் தந்தார்கள். 2019இல் அந்தப் பெட்டியைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, தவணைக்கு இரட்டைக் கதவுப் பெட்டி எடுத்தேன். அதன் முதுகு வழுவழுப்பாக இருந்தது, அழகென்று நினைத்தேன். கம்பிவலைக்குப் பதிலாகக் குழாய்கள் பக்கச் சுவருக்குள், நுரைக்கு நடுவே புதைந்திருந்தன. ஓடும்போது பக்கத்தில் கைவைத்தால் சூடு தெரியும், அந்தக் குழாய்களின் சூடு.

மூன்றாம் வருடம் வாயு கசிந்தது. பழுதுபார்ப்பவர் சுவரைத் தட்டிப் பார்த்து, துளை எங்கே என்று தேட உடம்பையே வெட்டவேண்டும் என்றார். அது 2022. மார்ச்சில் மத்திய வங்கி இலங்கை ரூபாயை மிதக்கவிட்டு, அதாவது அதன் பெறுமதியைச் சந்தையிடமே விட்டு, இரண்டு மாதத்துக்குள் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 350ஐத் தாண்டியிருந்தது. இறக்குமதிப் பாகங்களுக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. விற்றவர்களிடம் போனேன். "கம்பிரசர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அட்டையைத் திருப்பித் தந்தார்கள். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. ஏழு மாதம் அந்தப் பெட்டிக்குள் அரிசியும் பருப்பும்தான் இருந்தன. கடைசியில் வெளியே ஒரு கம்பிவலை பொருத்திய பிறகே மீண்டும் குளிர்ந்தது.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஊரில் பிரிட்ஜ் திருத்துபவரைப் பாருங்கள். எந்த வகை அவரிடம் அதிகம் வருகிறது, எதற்குப் பாகம் கிடைக்கிறது, எதைத் திறக்கவே முடியாது என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. வாங்கிய பின் கடலைப் பார்த்த விறாந்தையில் வைக்காதீர்கள்.

மாரிக்கு முன் மூட்டையாக வாங்கிவைப்பது

மலிவென்று ஐப்பசியில் பத்துக் கிலோ கோதுமை மா வாங்குவார்கள். கார்த்திகையில் வண்டு, செத்தல் மிளகாயில் பூஞ்சணம். பங்குனி வெயிலில் காயவைத்துப் போத்தலில் அடைத்த மிளகாயின் கணக்கு வேறு. மழைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கவேண்டாம்.

ஒன்றுமே வாங்கமாட்டேன் என்ற சபதம்

தீபாவளி வரைதான் நிற்கும்.

துணிப்பை

வீட்டில் நான்கு கிடக்கின்றன. ஐந்தாவது எதற்கு?

பழையதை அன்றே கொடுத்துவிடுவது

மின்விசிறியோ தையல் இயந்திரமோ, புதியது ஒரு மாரியைத் தாண்டட்டும். இதை நான் சொன்னபோது தம்பியின் மனைவிதான் முதலில் தலையாட்டினாள். பெட்டி வாங்குவதைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை அவர்களுடைய மீனுக்கு என் பிரிட்ஜில் மேல்தட்டை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன்.