பொழுது சாயும்போது ஒரு குயில்

மறதிநோய் உள்ள பெரியவர்கள் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் படபடப்பு கூடும். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று வாசலுக்கு நடப்பார்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, இயற்கை ஒலி ஒன்றை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

எந்த ஒலி? அவர் வளர்ந்த இடத்தின் ஒலி. கடலோரத்துக்காரருக்கு அலை, வயலோடு வாழ்ந்தவருக்குத் தவளையும் மழையும். எங்கோ இருக்கும் காட்டுப் பறவைகளைவிட, நீங்களே கைப்பேசியில் பதிவு செய்த கொல்லைப்புறக் குயில் மேல்.

சத்தம் பேச்சுக் குரலுக்கும் கீழே இருக்கட்டும். இடி வேண்டாம், மிரண்டுவிடுவார்கள். நடுவில் விளம்பரம் அலறினால் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் நீரின் ஒலி சிலருக்குச் சிறுநீர் முட்டவைக்கும் (நமக்கும்தான்!), முதலில் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

15, 20 நிமிடம் போதும். முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். குழப்பம் திடீரென்று அதிகமானால் ஒலியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ சொல்லத் தெரியாத வலியோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.