பழைய பிஸ்டலுக்குச் சரியான மேகசினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசின் கைப்பிடிக்குள் ஏறி ‘க்ளிக்’ என்று நின்றுவிட்டால் அது அந்தப் பிஸ்டலுக்கு உரியதுதான் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான கோளாறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே போர் (குழல் அளவு) என்றாலும் தலைமுறை மாறியிருந்தால் மேகசின் மாறியிருக்கலாம். உள்ளே போகும், நிற்கும், ஆனால் தோட்டாவை அரை மில்லிமீட்டர் கீழே வைத்திருக்கும். பிஸ்டலின் மேல்பகுதியில் முன்பின் ஓடும் ஸ்லைடு அதன் மேலேயே ஓடிப்போகும். பெயரை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் சட்டம், ஏனென்றால் எங்கே வாங்கலாம் என்பதே அதைப் பொறுத்தது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல் ஆயுதத்தின் பாகங்களையும் சேர்த்துத்தான் குறிக்கிறது. அதனால் மேகசினைச் சாதாரண உதிரிபாகம் என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைப்பதோ, ஊருக்கு வரும் உறவினரிடம் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதோ வழக்கில் முடியும். தயாரிப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்பதால், தெரிந்த லேத்து பட்டறையில் ஒன்று அடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில், உங்கள் லைசன்ஸைக் காட்டி, ரசீதோடு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். மதுரை நகர எல்லைக்குள் அது போலீஸ் கமிஷனர் அலுவலகம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் என்றால் கலெக்டர் அலுவலகம்.

‘32 போர்’ என்பது எந்த 32?

நம் பக்கத்தில் லைசன்ஸில் ‘.32’ என்று மட்டும் எழுதியிருப்பது வழக்கம். ஆனால் .32 என்ற பெயரில் இரண்டு தோட்டாக்கள் புழக்கத்தில் உள்ளன. பிஸ்டலில் போடுவது .32 ஏசிபி, ஐரோப்பியத் துப்பாக்கிகளில் இதையே 7.65 என்று பொறித்திருப்பார்கள். கேஸ், அதாவது மருந்து இருக்கும் உலோக உறை, நீளம் ஏறத்தாழ 17.3 மி.மீ., தோட்டாவின் முழு நீளம் 25 மி.மீ. ரிவால்வரில் போடுவது .32 எஸ் அண்டு டபிள்யூ லாங். கேஸ் மட்டுமே 23 மி.மீ.க்கு மேல். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கான பிஸ்டல்களும் இந்த இரண்டாவது வகையைத்தான் எடுக்கும், அதுவும் முனை தட்டையான வாட்கட்டர் தோட்டாவை. வால்தர் ஜிஎஸ்பி போன்ற போட்டிப் பிஸ்டலில் பேரலை மாற்றி .22, .32 இரண்டும் சுடலாம் என்றாலும் மேகசின் இரண்டுக்கும் வேறு வேறு. கடையில் கேட்கும்போது ‘32 மேகசின்’ என்று நிறுத்தாமல் தோட்டாவின் முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம், ஒரே உடலில் இரண்டு போர்களுக்கு வந்த பிஸ்டல்கள். வால்தர் பிபி 7.65-இலும் .380-இலும் வந்தது; எஃப்என் 1910-உம் அப்படித்தான். வெளியே பார்த்தால் மேகசின்கள் அண்ணன் தம்பி போல இருக்கும். .380-க்கு உரியதில் .32 தோட்டாவைப் போட்டால் மேல்வாய் அகலமாக இருப்பதால் தோட்டா ஆடும், சில சமயம் தானாகவே வெளியே துள்ளும். மேகசின் கூட்டின் பக்கவாட்டிலோ அடித்தட்டிலோ போர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: அடித்தட்டு கழற்றி மாட்டக்கூடிய பாகம். அதில் உள்ள எழுத்தைவிடக் கூட்டில் உள்ள எழுத்தையே நம்பலாம்.

கொக்கி எங்கே இருக்கிறது?

மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி இரண்டு இடங்களில் இருக்கலாம். கைப்பிடியின் அடியில், குதிகால் பக்கம் இருந்தால் அது அடித்தட்டின் விளிம்பைப் பிடிக்கிறது. அப்போது அடித்தட்டு விளிம்பிலிருந்து மேல்வாய் வரையுள்ள நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எஃப்என் 1910-இல் 7 தோட்டா, 1922 மாடலில் 9 தோட்டா, இரண்டும்.32, இரண்டிலும் கொக்கி அடியில். கூட்டின் நீளம் வேறு என்பதால் ஒன்றின் மேகசின் மற்றொன்றுக்கு ஆகாது.

ட்ரிக்கருக்குப் பின்னால் பக்கவாட்டில் பட்டன் இருந்தால், கூட்டில் உள்ள சதுர வெட்டில் கொக்கி விழுகிறது. இங்கே முழு நீளம் முக்கியமல்ல. வெட்டின் விளிம்புக்கும் மேல்வாய்க்கும் இடையே உள்ள தூரம்தான் முக்கியம். வால்தர் பிபி மேகசின் 8 தோட்டா, அதன் சிறிய வடிவமான பிபிகே 7. பிபி மேகசின் பிபிகே-க்குள் ஏறும், அடியில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கையால் ஓங்கித் தட்டக் கூடாது. அடித்தட்டு கைப்பிடியில் முட்டி நிற்க வேண்டிய இடத்தில் தடை இல்லாததால் கூடு அளவுக்கு மேல் ஏறி, வெறும் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரை இடிக்கும். எஜெக்டர் வளைந்தால் பிஸ்டலே கடைக்குப் போக வேண்டியதுதான்.

தலைமுறை மாறும்போது கம்பெனிகள் மாற்றுவதும் பெரும்பாலும் இந்தக் கொக்கியைத்தான். ரூகர் .22 பிஸ்டல் 1949-இல் வந்தபோது மேகசினில் 9 தோட்டா. 1982-இல் வந்த மார்க் 2-இல் 10 ஆனது, கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் (ஸ்லைடின் வேலையைச் செய்யும் பாகம்) திறந்தே நிற்கும் வசதியும் சேர்ந்தது. மார்க் 3-இல் கொக்கி குதிகாலிலிருந்து பக்கவாட்டுப் பட்டனுக்கு மாறியது. மார்க் 3, மார்க் 4 இரண்டும் ஒரே மேகசினை எடுக்கும். ஆனால் 22/45 என்ற கைப்பிடி உள்ள வகைக்கு, மார்க் எண் ஒன்றாக இருந்தாலும் மேகசின் தனி. க்ளாக்கில் 2010-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து கொக்கியை இடக்கைக்காரருக்கு மாற்றி மாட்டலாம். அதற்கு முந்தைய மேகசின்களில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டு என்பதால், கொக்கியை மாற்றாத வரையில்தான் அவை புதிய பிஸ்டலில் நிற்கும். (9 மி.மீ. நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட போர். இது படையினருக்கும் போலீசாருக்கும்தான் பயன்படும் தகவல். ஆனால் தலைமுறைச் சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.)

அளக்கும் முறை

ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். 0.02 மி.மீ. வரை காட்டுவது கிடைத்தால் நல்லது. பிஸ்டலோடு வந்த, ஒழுங்காக வேலை செய்யும் மேகசின் ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதையே அளவுகோலாக வையுங்கள். இல்லையென்றால் கிளப்பில் அதே மாடல் வைத்திருப்பவரிடம் அளவு மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலியாக இருப்பதை உறுதிசெய்த பிறகு எடுக்க வேண்டிய அளவுகள்: கூட்டின் முன்பின் அகலம், பக்கவாட்டுத் தடிமன், வெட்டிலிருந்தோ அடித்தட்டிலிருந்தோ மேல்வாய் வரை உயரம், தோட்டாவைப் பிடிக்கும் இரண்டு மடிப்புகளுக்கு, அதாவது லிப்புகளுக்கு, இடையே உள்ள இடைவெளி. இந்தக் கடைசி அளவை முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் எடுங்கள். கீழே விழுந்த மேகசினில் முன்பக்கம் மட்டும் விரிந்திருக்கும். 0.3 மி.மீ. வித்தியாசம்கூடத் தோட்டா ஏறும் கோணத்தை மாற்றிவிடும். விரிந்த லிப்பைக் குறடு வைத்து நெருக்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒருமுறை வளைந்த தகடு மீண்டும் வளையும், அந்த இடத்தில் வெடிப்பும் விடும்.

பிறகு ஃபாலோயர், அதாவது உள்ளே ஸ்பிரிங்கின் மேல் தோட்டாவைத் தாங்கும் தட்டு. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்க வேண்டிய பிஸ்டல் என்றால், ஃபாலோயரில் ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் நெம்புகோலைத் தூக்கும் மேடோ பொத்தானோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய தலைமுறைக்கு உரியதில் அது இல்லாமலோ மறுபக்கமோ இருக்கலாம். தோட்டா ஒழுங்காக ஏறும், ஆனால் காலியான பிறகும் ஸ்லைடு மூடிக்கொள்ளும்.

கடைக்காரரிடம் தொலைபேசியில் விசாரிக்கும்போது இரண்டு பக்கமும் மேல்வாயும் தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் அனுப்புங்கள், அவரிடமும் அப்படியே கேளுங்கள். பிஸ்டலின் வரிசை எண் படத்தில் விழ வேண்டாம். அரசுத் தொழிற்சாலையில் செய்த அஷானி .32 என்றால் மார்க் எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது, அதனால் பழைய பெட்டியில் உள்ள முகவரியை நம்பி எழுத வேண்டாம். வெளிநாட்டு .32-களுக்குப் புதிய மேகசின் கிடைப்பது அரிது. 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றது. அதன் பிறகு கடைகளில் வருவது பெரும்பாலும் கைமாறிய சரக்கு. அளக்காமல் வாங்கக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

சோதிப்பது

வீட்டில் நிஜத் தோட்டாவைத் தொடவே வேண்டாம். சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, காலி மேகசினை மாட்டுங்கள். அடித்தட்டைப் பிடித்துக் கீழே இழுங்கள். ஆட்டம் லேசாக இருக்கலாம், இறங்கக் கூடாது. பட்டனை அழுத்தினால் உரசாமல் வர வேண்டும். அடுத்து மருந்து இல்லாத டம்மி தோட்டா, முழு நீளமும் முனையும் உள்ளதாக. சுட்டுமுடித்த வெறும் கேஸை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை, முனை இல்லாததால் ஏறும் கோணமே வேறு. ஒன்று, இரண்டு, ஐந்து என்று போட்டு ஸ்லைடைக் கையால் முழுவதும் இழுத்து விடுங்கள். மெதுவாக வழியனுப்பினால் இல்லாத கோளாறும் வரும்.

நிஜத் தோட்டா சோதனை கிளப் ரேஞ்சில், அதிகாரி முன்னிலையில் மட்டும். அங்கே என்ன நடக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தோட்டாவின் முனை கீழ்நோக்கிக் குத்தி நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஃபாலோயர் சாய்கிறது. ஸ்லைடு தோட்டாவின் மேலேயே ஓடினால் மேகசின் தாழ்வாக நிற்கிறது, அதாவது வெட்டு அளவு தவறு. இரண்டு தோட்டா ஒன்றாகக் கிளம்பினால் லிப் விரிந்திருக்கிறது. .22-இன் ஈய முனை சீவப்பட்டு வந்தால் ஏறும் கோணம் சரியில்லை.

.32 ஏசிபியில் மட்டும் தனியாக ஒரு தொல்லை உண்டு. அதன் விளிம்பு கேஸைவிடச் சற்றே பெரியது. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும், ஸ்லைடால் தள்ளவே முடியாது. போடும்போது ஒவ்வொரு விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் விழ வேண்டும். நீளம் குறைந்த தோட்டாக்களில் உள்ளே முன்பின் ஆட இடம் இருப்பதால் இது அடிக்கடி வரும். மேகசினைக் குறை சொல்லும் முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள்.

போட்டிக்கு எடுத்துப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. போட்டியாளர் நியாயமாகச் சரிசெய்திருக்கக்கூடிய கோளாறை நடுவர் ஏற்கத்தக்க கோளாறாகக் கணக்கில் எடுக்க மாட்டார். பொருந்தாத மேகசினோடு ஐந்து தோட்டா சீரிஸுக்கு நிற்பது அந்தக் கணக்கில்தான் வரும்.

தேறிய மேகசின்களின் அடித்தட்டில் பெயின்டால் எண் போடுங்கள், கோளாறு வரும்போது எந்த எண் என்று குறித்துவையுங்கள். உள்ளே எண்ணெய் விட வேண்டாம். நம் ஊர்ப் புழுதி அதில் ஒட்டிக் களிம்பாகும், எண்ணெய் கசிந்தால் .22 தோட்டா வெடிக்காமலும் போகலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தேர்தல் அறிவிப்பு வந்து ஸ்டேஷனிலோ கடையிலோ துப்பாக்கியை ஒப்படைக்கும்போது, ரசீதில் மேகசின்களின் எண்ணிக்கையையும் நீங்கள் போட்ட எண்களையும் எழுதச் சொல்லுங்கள். அலமாரியில் ஒரே மாதிரி .32-கள் அடுக்கப்படும்போது மேகசின்கள் மாறிப்போவதுண்டு. திரும்ப வாங்கும்போது அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.