பக்கத்தில் விதிமீறிக் கட்டுகிறார்களா? மதுரையில் மனு போடும் முறை

ஆனையூரில் எங்கள் வீட்டை ஒட்டி எழும்பிய மூன்று மாடிக் கட்டடத்துக்கு சீல் வைத்ததிலிருந்து, எப்படி நடந்தது என்று தெருவில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டுவதற்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். பட்டா, எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) எடுக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. யாருடைய எல்லை

ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், விளாங்குடி எல்லாம் 2011-இலேயே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. இங்கெல்லாம் மனு உங்கள் மண்டல அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவுக்கு, நகல் ஆணையருக்கு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். ஊராட்சி என்றால் ஊராட்சி, ஒன்றிய அலுவலகம், நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகம் மூன்றுக்கும் அனுப்புங்கள். எங்கள் எல்லை இல்லை என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள்.

2. அப்ரூவ் ஆன பிளான்

நேரம் முழுக்க இதில்தான் போகும். விதிமீறல் என்பது பிளானுக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம். பிளான் கையில் இல்லாத மனு வெறும் புலம்பல்.

அப்ரூவ் ஆன பிளானைக் கட்டுமானம் முடியும்வரை இடத்திலேயே பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. போர்டு இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்.

"பிளான் நகல் தரவும்" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தேன். மூன்றாம் நபர் தகவல், தர இயலாது என்று பதில் வந்தது. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தகவல் சட்டத்தின் பிரிவு 11 அந்த மூன்றாம் நபரின் கருத்தைக் கேட்கச் சொல்கிறதே தவிர, அவர் வேண்டாம் என்றால் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மேல்முறையீடு போட்டபோதே புது மனு ஒன்றும் இப்படி உடைத்துப் போட்டேன்:

- திட்ட அனுமதி எண், நாள்
- அனுமதித்த தளங்கள், மொத்தப் பரப்பு, உயரம்
- நான்கு பக்கமும் விடச் சொன்ன செட்பேக் (காலி இடம்)
- இதுவரை செய்த கள ஆய்வு அறிக்கைகளின் நகல்
- பிரிவு 2(ஜெ)-படி கோப்பை நேரில் பார்க்க அனுமதி

கடைசி வரிதான் வேலை செய்தது. கோப்பை மேசையில் வைத்துக் காட்டினார்கள், நான் குறித்துக்கொண்டேன். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேட்கலாம், விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

3. அளவு

உங்கள் பக்கத்திலிருந்தோ ரோட்டிலிருந்தோ மட்டும் அளந்துகொள்ளுங்கள். அவர்கள் இடத்துக்குள் கால் வைக்க வேண்டாம். லேசர் மீட்டர் வாங்காதீர்கள், மதுரை வெயிலில் புள்ளியே தெரியாது. கொத்தனார் வைத்திருக்கும் சாதாரண டேப் போதும். தேதியும் இடமும் பதியும் கேமரா ஆப்பில் வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

4. மனு

ஒரே பக்கம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 57 வேலையை நிறுத்த. பிரிவு 56 கட்டியதை அகற்ற. இரண்டையும் குறிப்பிடுங்கள். "அனுமதி இரண்டு தளத்துக்கு, எழும்பியிருப்பது மூன்று" என்கிற பாணியில் எழுதுங்கள். காற்று வரவில்லை, வெளிச்சம் போச்சு என்பதெல்லாம் வேண்டாம். எல்லைச் சண்டையைச் சேர்க்கவே கூடாது. "என் இடத்தில் அரை அடி வந்துவிட்டார்" என்று ஒரு வரி இருந்தால் போதும், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

நேரமும் முக்கியம். சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கான பலகை) அடிக்கும்போதே மனு போய்விட வேண்டும். தகவல் சட்டப் பதில் வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் மனுவை அனுப்பிவிட்டு, பிளான் விவரம் கிடைத்ததும் கூடுதல் மனு கொடுங்கள். கான்கிரீட் போட்டு ஆள் குடியேறிவிட்டால் அதிகாரிக்கும் கை வராது.

(மாசி வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயர வரம்புக்கு 1997-லிருந்து தனி அரசாணை இருக்கிறது. உயரத்தை மட்டும் வைத்தே மனு எழுதலாம்.)

5. அதற்குப் பிறகு

நோட்டீஸ் போனவுடன் இடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கட்டியவர் திருத்திய பிளானுக்கு விண்ணப்பிக்கலாம், அரசிடம் சீராய்வு கேட்கலாம். இழுக்கும். முதல்வரின் முகவரி என்கிற அரசுக் குறைதீர் பிரிவில் (1100) பதிந்தால் எண் கிடைக்கும், ஆனால் மனு கடைசியில் அதே மேசைக்குத்தான் வரும். எதுவும் அசையவில்லையென்றால், மனுமேல் முடிவெடுக்க உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அப்போது உங்கள் மனுக்களின் ஒப்புகைதான் வக்கீல் முதலில் கேட்பது.

பிற்சேர்க்கை: "எதிர்த் தரப்பு ரெகுலரைஸ் பண்ணிட்டோம்னு பேப்பர் காட்டுறாங்க" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் பேப்பரை வாங்கிப் பாருங்கள். 2017 விதிகளின்படி வரன்முறை (ரெகுலரைஸ்) செய்தது மனையை. வீட்டுக்கு அது அனுமதி ஆகாது. கட்டடத்துக்கான வரன்முறை (நகர் ஊரமைப்புச் சட்டப் பிரிவு 113-சி) 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும்.

இன்னொன்று, மனுவைத் தபாலில் அனுப்புகிறவர்களுக்கு: பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் ஒப்புகை வேண்டும் என்று தனியாகச் சொல்லி வாங்குங்கள்.