பனிமலைப் பட்டர்கப் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனியிலேயே பிறந்த செடி, எதையும் தாங்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆல்ப்ஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேலும் பூக்கிற ரனன்குலஸ் கிளேசியாலிஸ் என்ற பட்டர்கப் பூச்செடி, தாழ்வான தோட்டத்தில் ஒரே குளிர்காலத்தில் அழுகிப்போகும். மலையில் அது குளிர்காலம் முழுக்கப் பனிப் போர்வைக்குள் உறங்கும். தோட்டத்திலோ விட்டுவிட்டுப் பெய்யும் மழை குருத்தில் போய்த் தங்கிவிடுகிறது.

வாடிய செடியை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்து, சதைப்பற்றோடு, தடித்த நூல் போல இருக்கும். அழுகிய வேரில் விரல் பட்டாலே தோல் வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சும். அதனால் மண்ணைவிடக் கூர்சரளை கூடுதலாக இருக்கட்டும். செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் சரளை பரப்புங்கள். குளிர்காலத்தில் மேலே ஒரு கண்ணாடித் தகடு போதும். பக்கங்களை மூடினால் காற்றோட்டம் போய்விடும்.

அடுத்த தவறு, எல்லா பட்டர்கப் வகைக்கும் ஒரே கல்லைப் போடுவது. கிளேசியாலிஸ் கருங்கல் பாங்கான மண்ணில் வளர்வது, சுண்ணாம்பு ஆகாது. அதற்குச் சுண்ணாம்பு கலந்த கடின நீரைவிட மழைநீரே நல்லது. ரனன்குலஸ் அல்பெஸ்ட்ரிஸ் என்ற இன்னொரு வகையோ சுண்ணாம்புப் பாறையை விரும்புவது.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான். கோடையில் கிளேசியாலிஸின் வேருக்கடியில் குளிர்ந்த ஈரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மலையில் பனி உருகி ஓடுவதைப் போல. மொராக்கோவின் அட்லஸ் மலையைச் சேர்ந்த ரனன்குலஸ் கேலண்ட்ரினியாய்ட்ஸ் வகை இதற்கு நேர் எதிர். குளிர்காலக் கடைசியில் பூத்து, கோடையில் இலை மஞ்சளாகி மண்ணுக்குள் உறங்கப் போகும். தாகம் என்று நினைத்து நாம் ஊற்றுகிற தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. இந்த ஒரு தவறால் போன செடிகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

நத்தைகள் மொட்டைத் தின்றுவிடும், இரவில் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். சாறு தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் விதை. அடுத்த வசந்தத்துக்கு என்று டப்பாவில் எடுத்து வைக்காதீர்கள், நாள்பட நாள்பட முளைப்புத் திறன் குறையும். உதிர்ந்த கையோடு விதைத்து, தொட்டியைக் குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விடுங்கள். முதல் வருடம் எதுவும் தலைகாட்டவில்லையா? தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாவது குளிரும் பட்ட பிறகே முளைக்கும் விதைகள் இதில் உண்டு.